30×60 என்று எழுதியிருந்தது

எங்க ஊர் அய்யலூர். திண்டுக்கல்லில் இருந்து திருச்சி போகும்போது வண்டிக்கருப்பணசாமி கோவில் வரும், எல்லா வண்டியும் நின்னு கும்பிட்டுட்டுப் போகும், அந்த ஊர்தான். தக்காளி மார்க்கெட்டும் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையும் பிரபலம். 2022ல் இன்னொரு பெருமையும் சேர்ந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். எங்க காடும் அதில் அடக்கம்.

அதுக்கப்புறம் எனக்கு ஒரே ஆசை, தேவாங்கைக் கிட்டத்தில் பார்க்கணும். ராத்திரியில் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. ஆனால் காட்டோரத் தோட்டங்களின் வேலி வரைக்கும் அதுவே வரும். ஒரு பைனாகுலர் இருந்தால் போதும் என்று அப்பாவை நச்சரித்தேன். தக்காளி விற்ற காசில் 900 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) வாங்கினேன். புகழ்பெற்ற ஜப்பான் கம்பெனிப் பெயர், '30×60', 'பகல் இரவு பார்வை', '126 மீ/1000 மீ' என்று பொன் எழுத்தில் என்னென்னவோ. முன் கண்ணாடி மாணிக்கக் கல் மாதிரி செக்கச்செவேலென்று மின்னியது. மயங்கிட்டேன்!

அன்னைக்கு ராத்திரி ஒண்ணுமே தெரியலை. கும்மிருட்டு. அரை மணி நேரத்தில் தலைவலி வந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "தெரிஞ்சுச்சாப்பா?" "தெரிஞ்சுச்சுப்பா, சூப்பர்" என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிறகு கல்லூரியில் இயற்பியல் சார் ஒருத்தர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒரு ஸ்கேல் எடுத்துட்டு வாடா" என்றார். அங்கே ஆரம்பித்தது பாடம்.

30×60 என்றால் 30 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் விட்டம் 60 மி.மீ. என்று அர்த்தம். ஸ்கேல் வைத்தோம். 21 மி.மீ.தான் இருந்தது! அடுத்து, பைனாகுலரைக் கை நீட்டி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் கண் வைக்கும் பக்கம் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். அது சுமார் 3.5 மி.மீ. முன் கண்ணாடி விட்டத்தைப் பொட்டின் அளவால் வகுத்தால் வருவதுதான் உண்மையான மடங்கு. அதிகபட்சம் 6. முப்பது எங்கே, ஆறு எங்கே :-)

'126 மீ/1000 மீ' என்றால் சுமார் 7 டிகிரி அகலம் தெரியும். அதை 30 மடங்கு பெருக்கினால் 200 டிகிரிக்கு மேல் போகுது. வேறு சூத்திரம் போட்டாலும் 120ஐத் தாண்டும். நல்ல பைனாகுலரிலேயே அது 60, 70 டிகிரிதான். பொய் சொல்றவங்க கணக்காவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு கூத்து. எழுதியிருந்தது உண்மையாகவே இருந்தாலும் ராத்திரிக்கு உதவாது. 60ஐ 30ஆல் வகுத்தால் பொட்டு 2 மி.மீ. இருட்டில் நம்ம கண்மணி 7 மி.மீ. வரைக்கும் விரியும். அதனால்தான் 7×50, 8×42 என்று வாங்கச் சொல்கிறார்கள். அந்தச் சிவப்புப் பூச்சு இன்னும் மோசம். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால்தான் அப்படி மின்னுது. தேவாங்கைத் தொந்தரவு செய்யாமல் பார்க்கச் சிவப்பு வெளிச்சம்தான் அடிப்பார்கள். வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் கண்ணாடியை நான் காசு கொடுத்து வாங்கியிருக்கேன்! தலைவலிக்குக் காரணம், இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்காதது.

வெளிநாடுகளில் ஏர்சாஃப்ட் என்று பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டு இருக்கிறது. அதிலும் துப்பாக்கி மேல் மாட்டும் ஸ்கோப்புகளில் இதே கதைதான். ட்ரிஜிகான் கம்பெனியின் ஏகாக் ஸ்கோப் பெரும்பாலும் பேட்டரி இல்லாமலே ஒளிரும். அதன் நகல்களில் பேட்டரி மூடி இருக்கும். விளையாட்டுக்கு நகல் என்று தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் திருட்டு.

போன மாசம் சார் தன்னுடைய 8×42ஐக் கொடுத்தார். எங்க தோட்டத்து வேலியில் இரண்டு ஆரஞ்சு நிறக் கண்கள், அப்புறம் குச்சி மாதிரி கை. மெதுவாக ஒரு கிளையை விட்டு இன்னொன்றைப் பிடித்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தவர், "உன்னோடதை விட இது நல்லா தெரியுதேடா" என்றார்.

அங்கேயே உண்மையைச் சொல்லிட்டேன். கடைக்காரன் என்னிடம் சொன்ன பொய்யைத்தானே நானும் அவரிடம் சொல்லியிருந்தேன்? திட்டுவார் என்று நினைத்தேன். "தக்காளிப் பெட்டியில மேல நல்லது வச்சுட்டு அடியில சொத்தையை வைப்பாங்க, கையை விட்டுத்தான் பார்க்கணும்" என்றார், அவ்வளவுதான்.

நீங்களும் பைனாகுலர் வாங்கப் போனால், பையில் ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க.