அப்பாவின் மடக்குக் கத்தி

வயர்மேன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் தெரியும். காலையில் அப்பா சட்டையைப் போட்டதும் கை தானாக இரண்டு சாமானைத் தேடும். ஒன்று டெஸ்டர். இன்னொன்று மடக்குக் கத்தி.

எங்கள் அப்பாவின் கத்தி மடக்கினால் விரல் நீளம்தான். ஐம்பது கிராம்கூட இருக்காது. பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. ஆனால் அது இல்லாமல் எங்கள் வீடு ஓடாது. வயர் தோல் சீவ, எனக்குப் பென்சில் சீவ, அரிசி மூட்டைத் தையல் பிரிக்க, மாங்காய் நறுக்க... எல்லாத்துக்கும் அதுதான். மாங்காய் நறுக்கினால் மட்டும் உடனே துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். கார்பன் ஸ்டீல் ஆச்சே, புளிப்பு பட்டால் கறுத்துப் போகும்!

முதலாமாண்டு லீவில் ஊருக்குப் போனேன். ஒர்க்‌ஷாப்பில் பெஞ்ச் கிரைண்டர் பழகிய திமிர். அப்பா மத்தியானம் அசந்த நேரம், கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறைக்கு ஓடினேன். அஞ்சே நிமிஷம். பொறி பறந்தது, கூர் பளபளத்தது. கூடவே ஓரத்தில் மயில் கழுத்து மாதிரி ஒரு நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது!

மறுநாள் சாயங்காலம் அப்பா கத்தியை என் முன்னால் வைத்தார். பத்து வயர் சீவுவதற்குள் மழுங்கிவிட்டதாம்.

"ஏலே, மெஷின்ல வச்சியா?"

தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

நான் கெடுத்தது என்ன என்று மறு வருஷம் மெட்டலர்ஜி வகுப்பில்தான் புரிந்தது. கடினப்படுத்திய கார்பன் ஸ்டீல் சூடேற ஏற நிறம் மாறும். சுமார் 230 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள். 300-ஐ நெருங்கினால் நீலம். மஞ்சளோடு நிறுத்தினால் கூர் நிற்கும். நீலம் வந்தால் கடினம் குறைந்து வளைந்து கொடுக்கும் குணம் கூடும். மடக்குக் கத்தியின் முதுகில் அலகைப் பிடித்து நிற்கும் ஸ்பிரிங்குக்கு அது நல்லது. (அந்த ஸ்பிரிங்கை இரு பக்கமும் வேலை வாங்கித்தான் சுவிட்சர்லாந்தின் கார்ல் எல்ஸனர் 1897-ல் தன் ஆபீசர் கத்தியில் பல கருவிகளை அடக்கினார்.) ஸ்பிரிங்குக்கு நல்லதாக இருக்கும் அதே நீலம், அலகுக்கு வந்தால் கேடு!

அன்று ராத்திரி அப்பா சாணைக்கல்லை எடுத்து வந்து, தண்ணீர் விட்டு, மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. மூடி வைத்திருந்த இன்னொன்றும் வாயில் வந்துவிட்டது.

"யப்பா... மூணு பேப்பர் அரியர்ஸ்."

கல்லில் போய்க்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கல்லை என் பக்கம் தள்ளினார்.

"ஓரம்தாம்லே வெந்திருக்கு. உள்ள நல்ல இரும்பு இருக்கு. அவசரப்படாம தேய்."

கத்தியைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா, இன்று வரை நான் கேட்கவில்லை. நாலு நாள் தேய்த்தேன். அலகு அரை நூல் குறைந்தது. நீலம் போயிற்று. கூர் வந்தது, நின்றது.

மூன்று பேப்பரும் அடுத்தடுத்த செமஸ்டரில் முடிந்தன. அப்பா பாக்கெட்டில் இப்போதும் அதே கத்திதான். ஊருக்குப் போனால் சாணை பிடிப்பது என் வேலை. கிரைண்டர் பக்கம் மட்டும் போவதில்லை!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்