என் தலைக்குள் பெரியம்மா

எனக்குக் குரல் கேட்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நெருங்கிய உறவினர் சிலருக்கு இது தெரியும். நான் பாடம் நடத்திய பள்ளியில் யாருக்கும் தெரியாது. விருப்ப ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது எழுதத் துணிந்தேன். மருத்துவர் என் கோப்பில் எழுதியிருக்கும் நோய் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா.

கேட்பது பெரியம்மாவின் குரல். அம்மாவின் அக்கா, என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் இறந்த சில மாதங்களில், திருமணமாகி முசிறிப் பக்கம் வந்திருந்த என்னிடம் பேசத் தொடங்கினார். "எந்திரி, பால் பொங்குது பாரு." "ஈரத்தலையோட நிக்காத." பெரும்பாலும் இப்படித்தான், வீட்டு வேலை ஏவுவார், செய்யாவிட்டால் ஏசுவார். ஆனால் அதே குரல், "அந்தக் கொழம்ப வாயில வைக்காத, எதையோ கலந்துருக்கா" என்றும் சொல்லும். நாள் கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறேன். குழம்பு வைத்தது என் மாமியார்.

இன்னொரு குரலும் உண்டு. முகம் தெரியாத ஆண் குரல், இரவில் வரும். என் உடம்பைப் பற்றி நாக்கூசும்படி பேசும். இதை மருத்துவரிடம்கூடப் பல ஆண்டுகள் நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சு என் மனசுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அவர் சொல்லிவிடுவாரோ, அப்படியானால் நான் எப்படிப்பட்ட பெண் என்று அஞ்சினேன்.

அந்த அச்சத்தை ஓரளவு தளர்த்தியது 2015-இல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவன மருத்துவர்கள் உள்ளிட்டோருடன் சேர்ந்து செய்தது. கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று ஊர்களிலும் குரல் கேட்கும் நோயாளிகள் இருபது இருபது பேரிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அம்மா, மாமியார், நாத்தனார். குளி, சமை, கடைக்குப் போ என்று சொல்லும் குரல்கள். அக்ராவில் 16 பேர் கடவுளே பேசுவதாகச் சொன்னார்கள். சான் மேட்டியோவில் பலருக்கு வெட்டு, குத்து, சித்திரவதை என்றே கேட்டது. தங்கள் குரல் பெரும்பாலும் நல்ல அனுபவம் என்று சொன்னவர் அங்கே ஒருவரும் இல்லை. சென்னையில் சிலர், காமம் பேசி அவமானப்படுத்தும் குரல்களைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எந்தப் பேச்சு ஒரு பெண்ணை அதிகம் கூச வைக்கும் என்பதை இந்த ஊர் நமக்குள் எழுதி வைத்திருக்கிறது. நோய் அந்த இடத்தைத்தான் தொடுகிறது.

குரல் எப்படி உண்டாகிறது என்பதற்கு என் மருத்துவர் சொன்ன ஒரு விளக்கம் இது. நாம் எல்லோரும் மனசுக்குள் பேசிக்கொள்கிறோம். அப்படிப் பேசும்போதே மூளை 'இது என் பேச்சு' என்று தனக்குள் ஒரு குறிப்பு அனுப்பிக்கொள்கிறது. அந்தக் குறிப்பு தவறினால் சொந்தப் பேச்சே வேற்றாள் பேச்சாகக் கேட்கும். டோபமைன் என்னும் வேதிப்பொருளின் வேகம் கூடியிருந்தால், அப்படிக் கேட்பதற்குப் பெரிய அர்த்தம் இருப்பதாகவும் தோன்றும். இவ்வளவும் உடம்பின் வேலை. ஆனால் வேற்றாள் என்றால் எந்த ஆள்? பிறந்தது முதல் காதுக்குப் பக்கத்தில் ஏவிக்கொண்டே இருந்த பெரியவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, அந்த இடத்தில் வந்து உட்கார வேறு யார் இருக்கிறார்கள்?

என் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஊரில் அவருக்குக் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். மாட்டுக்கொட்டகையில் காலில் சங்கிலியோடு இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முறுக்கு கொண்டுபோய்க் கொடுப்பேன், கை நீட்டி வாங்கிக்கொள்வார். ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான பேருக்குத்தான் என்கிறது மரபியல். முழுக்க ரத்தம் என்றால் இருவருக்கும் வந்தாக வேண்டும். ரத்தமே இல்லை என்றால் இவ்வளவு பேருக்கும் வரக் கூடாது. சித்தப்பாவுக்கும் எனக்கும் ஒரே ரத்தம். அவருக்குச் சங்கிலி, எனக்கு ஆசிரியர் வேலை. இடையில் முப்பது வருடமும் ஒரு மாத்திரையும் ஒரு மாமியாரும்தான் வித்தியாசம்.

முதலில் என்னைக் குணசீலத்துக்குத்தான் அழைத்துப் போனார்கள். காவிரிக் கரையில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். புத்தி பேதலித்தவர்களை ஒரு மண்டலம் தங்க வைப்பது அங்கே வழக்கம். உச்சிகாலப் பூசையிலும் இரவுப் பூசையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அங்கே நன்றாகவே இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், கூடவே அம்மா, 'உனக்கு என்ன ஆச்சு' என்று யாரும் துருவாத இடம். பெரியம்மாவின் குரல் நிற்கவில்லை, தணிந்தது. தமிழ்நாட்டு முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். மருந்தோ தனிச் சடங்கோ இல்லாமல் சுமார் ஆறு வாரம் தங்கியதிலேயே நோய்க்குறிகளின் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்ததாம். அந்த அளவுக் குறைவு பெரிய விஷயம். ஆனால் நான் வீடு திரும்பிய சில வாரங்களில் குழம்பில் மறுபடி விஷம் கலந்தது. அதன் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம்.

மாத்திரை பேச்சைக் குறைத்தது. கூடவே இன்னொன்றும் செய்தது. டோபமைனை அடக்கும் பழைய மருந்துகள் புரோலாக்டின் என்னும் ஹார்மோனைக் கூட்டும். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அது. அது கூடினால் மாதவிலக்கு நின்றுபோகும். எனக்கு நின்றது. அத்தை, அதாவது என் மாமியார், நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "குளிக்காம இருக்கியா கண்ணு?" என்று கன்னத்தைத் தடவினார். பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, மாங்காய் வந்துவிட்டது. நோய்க்காரி என்று தள்ளி நின்றவர்களெல்லாம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதே வீடு இருண்டுபோனது. அன்று நான் மாத்திரையைத் தூர எறிந்தேன், நோய் திரும்பியது. மருத்துவ ஏட்டில் இது 'பக்க விளைவு' என்ற பத்தியில் இருக்கிறது. பிள்ளை பெறுவதை வைத்துத்தான் மருமகளின் இடம் முடிவாகும் என்ற வீட்டில் அதுதான் நோயின் நடுப்பகுதி.

மருத்துவர் ஓலன்சபின் என்ற புதிய மருந்துக்கு மாற்றினார். விலக்கு சீரானது. உடம்பு பெருத்தது, அதையும் வீடு கொண்டாடியது. "தேறிட்டா, கன்னத்துல சதை போட்டுருக்கு." அந்தச் சதை சர்க்கரை நோயின் முன்னறிவிப்பு என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நம் உடல்வாகே வயிற்றில் கொழுப்பும் ரத்தத்தில் சர்க்கரையும் சேர்க்கும் வாகு. மூன்று வேளை அரிசி, மேலே இந்த மருந்து. இன்று மாத்திரைப் பெட்டியில் மனசுக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு.

அத்தையைப் பற்றி எழுதியாக வேண்டும். ஒரு நாள் சமையலறையில், அவர் வைத்த குழம்பில் விஷம் இருப்பதாகப் பெரியம்மா சொல்வதை அவரிடமே சொல்லி அழுதேன். அவர் கோபப்படவில்லை. கரண்டியில் எடுத்துத் தன் வாயில் ஊற்றிக்கொண்டு, மேலே பார்த்து, "அக்கா, பாத்துக்கங்க, உங்க பொண்ணுக்கு நான் கெடுதல் பண்ண மாட்டேன்" என்றார். அது முதல் அன்றாடம் கேட்பார்: "பெரியம்மா இன்னிக்கு என்ன சொன்னாங்க?" நல்லது சொன்னால் செய், கெட்டது சொன்னால் என்னிடம் சொல் என்பது அவர் வகுத்த சட்டம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி வைத்த ஆய்வுகள், ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிக்கு நோய் மறுபடி வெடிப்பது அதிகம் என்று காட்டின. சண்டிகரில் அதே முறையில் பார்த்தபோது அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவாக இருந்தன. அந்த ஆய்வுகளை அத்தை கேள்விப்பட்டதே இல்லை. குறை சொல்லாத ஒரு குரல் வீட்டில் இருந்தது என் நரம்புகளுக்குத் தெரிந்தது.

இதை வைத்துக் கூட்டுக்குடும்பப் பெருமை பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வில் நம் ஆக்ராவின் நோயாளிகள் மேலைநாட்டாரைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதை மேடைகளில் சொல்வார்கள். மாட்டுக்கொட்டகை அந்தக் கணக்கில் வராது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெந்து செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களும் குடும்பங்கள்தான். அன்று செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் கணுக்கால் தழும்பைத்தான் நினைத்தேன். சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது பண்பாட்டின் சிறப்பு என்பதைவிட ஒரு தனிப் பெண்ணின் குணம் என்றுதான் சொல்வேன். அவர் தூக்கத்தையும் உழைப்பையும் கொடுத்து அதைச் செய்தார்.

மருந்து மாற்றிய பின் மகள் பிறந்தாள். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று, மற்றவர்களுக்கு நூற்றில் ஒன்று. அவள் கல்லூரிக்குப் போகுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கஞ்சாவைத் தொடாதே, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வாரம் உலகம் வேறு மாதிரித் தெரிந்தால் என்னிடம் சொல். இப்போது கனடாவிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. நார்வேயிலிருந்து மின்னசோட்டாவுக்குக் குடியேறியவர்களிடம் மனச்சிதைவு கூடுதலாக இருப்பதை 1932-லேயே மனநல மருத்துவர் ஓடெகார்ட் எழுதினார். ஊர் மாறுவதும் தனித்துப்போவதும் மூளையை அழுத்தும். அதற்காக அவளைக் கட்டிப் போட முடியாது, அங்கே யாரிடம் பேசலாம் என்று மட்டும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் என் நோயைச் சொல்ல வேண்டும் என்பது மகளின் விருப்பம், என் முடிவும் அதுதான். மறுப்பது அத்தை. "நம்ம வீட்டோட இருக்கட்டும் கண்ணு, புள்ள வாழ்க்கை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். வீட்டுக்குள் பெரியம்மாவுக்கு மரியாதையாகப் பதில் சொன்னவர், வாசலுக்கு வெளியே அவரை மறைக்கச் சொல்கிறார். ஊர் எப்படிப் பேசும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரும்போது சொல்லப்போகிறேன். அவர்கள் என்ன மருந்து, எவ்வளவு அளவு என்று கேட்டால் காட்ட, என் கோப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.