படுவான்கரையில் ஒரு வெந்நீர்க் குழாய்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தை இரு கூறாக்கிக் கிடக்கின்றது. கதிரவன் எழுகின்ற பக்கம் எழுவான்கரை. அவன் படுகின்ற பக்கம் படுவான்கரை. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்ததும் படுவான்கரையின் வாயிலாக நின்று நம்மை வரவேற்கும் ஊர் வவுணதீவு. ஒருபுறம் வாவி, மறுபுறம் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல், இடையே மாட்டுப் பட்டிகள். போரின் கோடு 2007ஆம் ஆண்டு வரை இக்கரையை நகரிலிருந்து பிரித்து நின்றது. உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்கம்பி வந்ததும் அதன் பின்னரேயாம்.

இன்று மின்சாரமும் உண்டு. குழாய் நீரும் உண்டு. உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவிலேதான் சுத்தமாக்கப்பட்டு, வாவியைக் கடந்து நகர மக்களின் தாகம் தீர்க்கச் செல்கின்றது.

இத்தகைய ஊரில், இடமாற்றத்தின் பொருட்டு, நாம் ஒரு வாடகை வீட்டிற் குடியேறினோம். வீடு உரிமையாளரின் மகளுக்குரிய சீதனம். இந்நாட்டில் மனை பெண்வழிச் செல்வதே மரபு. மருமகன் கட்டாரில் உழைத்து அனுப்பிய பணத்தில், குளியலறையிலே மின்சார வெந்நீர் ஷவர் ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது. எழுபதைத் தாண்டிய, இழுப்பு நோயால் வருந்தும் நம் அன்னையார் அதைக் கண்டு மகிழ்ந்தார். மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்கு விடியுமுன் நீராட வேண்டுமல்லவா?

ஆனால் அந்த ஷவரின் குணமோ விசித்திரமானது. குழாயை முழுதும் திறந்தால் குளிர்நீர். சற்றே குறைத்தால் இதமான வெந்நீர். இன்னும் சிறிது குறைத்தால் ஒரு 'டிக்' ஓசை, மீண்டும் குளிர்நீர்! மாலையில் ஊரெங்கும் விளக்கெரியும் வேளையில் அதற்குச் சோர்வு வந்துவிடும். "இது மாமியார் குணம்" என்று நம் இல்லத்தரசியார் தீர்ப்புக் கூறினார். அன்னையார் அதைக் கேளாதவர் போல் இருந்துவிட்டார்.

மாணவர்கள் சற்றுச் சிந்திப்பார்களாக. இக்குணங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இக்கருவியின் வலு 3,500 வாற்று. நிமிடத்துக்கு 3 லீற்றர் நீர் ஓடினால், அது நீரின் வெப்பத்தை ஏறத்தாழ 17 பாகை உயர்த்தும். 6 லீற்றர் ஓடினால் உயர்வு அதிற் பாதியே. ஆகவே நீர் மிகுந்தால் சூடு குறைகின்றது. நீர் மிகக் குறைந்தாலோ, வெறுஞ்சூட்டில் கருவி எரிந்துபோகாதபடி, உள்ளிருக்கும் அமுக்க ஆளி மின்னை நிறுத்திவிடும். அவ்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஷவரிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்திலேயே இருந்தது. பத்து மீற்றர் உயர நீரே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் தருமாதலின், நமக்குக் கிடைத்தது அதில் ஆறிலொரு பங்கினும் குறைவு. மாலைச் சோர்வுக்கும் கணக்கு உண்டு. 230 வோல்ற்று 200 ஆகத் தாழ்ந்தால், வலு கிட்டத்தட்ட நாலில் மூன்று பங்காகிவிடும்.

இவையெல்லாம் சிரித்துப் பொறுக்கத் தக்கவை. ஒருநாட் காலை அன்னையார், "குழாயைத் தொட்டால் விரல் விறுவிறுக்குது" என்றபோது நம் சிரிப்பு அடங்கியது. பிரதான ஆளியை நிறுத்திவிட்டு, மின்வேலை அறிந்த இளைஞர் ஒருவரை அழைப்பித்தோம். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சேர், ட்ரிப் சுவிட்ச் பேருக்குத்தான் இருக்கு" என்றார். அது அடிக்கடி விழுகின்றதென்று, முன்னொரு காலத்தில் எவரோ அதனைத் தாண்டிக் கம்பி இணைத்துவிட்டனர்! புவிக்கம்பியோ சுவருக்குள் வந்து, எதனோடும் சேராது நின்றது. 15 அம்பியருக்கு மேல் இழுக்கும் கருவியை 13 அம்பியர் செருகியிலே மாட்டியிருந்தனர்.

ட்ரிப் சுவிட்ச் என்பது, சென்ற மின்னும் திரும்பிய மின்னும் ஒவ்வாதபோது, 30 மில்லியம்பியர் வேறுபாட்டிலேயே இணைப்பை அறுத்து உயிர்காக்கும் காவலாளி. சூடாக்கும் சுருளின் உறையிலே வெடிப்பு ஏற்பட்டு, மின் நீரிற் கசிந்துகொண்டிருந்தது. காவலாளி பன்முறை கூவியிருக்கின்றான். கூவல் தொல்லையென்று அவன் வாயைக் கட்டியிருக்கின்றார்கள்.

வீட்டுக்காரரிடம் சென்றோம். "இதுவரைக்கும் ஆருக்கும் ஒண்டும் நடக்கல்லையே, சேர்" என்றார் அவர். "இந்த வீடு உங்கள் பேரப்பிள்ளைகள் வாழப்போகின்ற வீடு" என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், கம்பியும் புதிய ஷவரும் அவர் செலவு, வேலைக்கூலி நம் செலவு என முடிவாயிற்று. செப்புக்கோல் ஈரமண்ணில் ஆழமாக நாட்டப்பட்டது. தனிக்கம்பி இழுக்கப்பட்டது; காவலாளியின் கட்டும் அவிழ்க்கப்பட்டது.

அவ்வேலை முடியும்வரை பத்து நாள் வெந்நீர் இல்லை. அடுத்த வளவு மூதாட்டியார் வேலிக்கு அப்பாலிருந்து, "விடியப்புறம் கிணத்துத் தண்ணி சூடு மனே, அள்ளிக் குளிங்க" என்றார். அது மெய்யே! மார்கழி விடியலில் வெளியே 23, 24 பாகைக் குளிர். தாங்கியின் நீரும் இரவெல்லாம் குளிர்ந்திருக்கும். மண்ணின் ஆழமோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27, 28 பாகையிலேயே நிற்கும். அள்ளிய உடனே ஊற்றினால் அந்நீர் மேனிக்கு இதமாயிருக்கும். பாடநூல் காணாத அம்மூதாட்டியாரின் அறிவை அன்னையார் நன்றியோடு ஏற்றுக்கொண்டார். இப்போது ஷவர் நன்றாகவே இயங்குகின்றது. எனினும் அவருக்குக் கிணற்றடியே பிடித்துவிட்டது.

வாடகை வீடு தேடும் அன்பர்களே, அடுக்களையையும் முற்றத்தையும் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: தாங்கியின் உயரம், புவிக்கம்பியின் முடிவிடம், ட்ரிப் சுவிட்ச். சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அவ்வீட்டில் ஷவரைத் தொடாதீர்கள். குளிர்நீரில் நீராடலாம், காவலற்ற வெந்நீரில் நீராடலாகாது.