பட்டிக்கு அடியில் தகடு வேண்டும்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்த ஷெட் இருக்கிறது. உள்ளே நான்கு மரக்கட்டைகளின் மேல், சக்கரங்கள் கழற்றப்பட்டு, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஏறி நின்றது. 1969 மாடல், நாலு கதவு, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பர். டிங்கர் கோணியை விரித்து மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்துபோய், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ஓரம் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு 'டங்' என்றது. சில இடங்களில் 'தொப்' என்றது. 'தொப்' என்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி நுனியால் குத்தினார். நுனி அப்படியே உள்ளே போய்விட்டது. துருவும், பள்ளம் நிரப்பப் பூசிய பழைய பட்டியும் உதிர்ந்து அவர் நெஞ்சில் கொட்டின.

“பாத்தீங்களா சார், இந்த எடத்துல பெயிண்ட்டுதான் வண்டியப் புடிச்சுக்கினு இருக்கு,” என்றார்.

அந்தத் தெருவில் எல்லோரும் அவரைப் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர். சிறுவயதில் மவுண்ட் ரோடு பக்கத்துப் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, சுத்தியல் பிடிக்கவே நெடுநாள் காத்திருந்தவர். அப்போதெல்லாம் பள்ளத்தை நிரப்ப ஈயத்தை உருக்கிப் பூசி, அரம் போட்டுச் சமன் செய்வார்களாம். பட்டி டப்பா வந்த பிறகு அந்த வேலை போயிற்று.

வண்டிக்குச் சொந்தக்காரர் செம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். தாய்மாமாவின் கார். மாமா காலமான பிறகு சிட்லபாக்கத்தில் வேப்பமரத்தடியில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு கிடந்தது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்டிருக்கிறார். கொடுக்க மனசு வரவில்லை. கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் பத்து பைசா இல்லை என்று முதல் நாளே பாயிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு லட்சத்தை வண்டியின் எந்தப் பாகத்தில் போடுவது என்பதுதான் இந்த ஷெட்டில் நடந்த பேச்சு முழுக்க.

இந்தக் கார் பிறந்த இடம் தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷன். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது. அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்தில் சென்னையின் சொந்தக் கார் என்று சொல்லத்தக்கது இதுதான். நாலு கதவு மார்க் த்ரீ 1968-இல் வந்தது. அதன் வழியில் 1972-இல் கெசல். கடைசியாக 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அது நெடுநாள் நிலைக்கவில்லை, தொழிற்சாலையும் அதோடு ஓய்ந்தது. இன்று அந்த நிலத்தில் ஐ.டி. பூங்காவும் அடுக்குமாடிக் குடியிருப்பும் நிற்கின்றன. தினமும் அந்த வாசலைக் கடக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அங்கே கார் செய்தார்கள் என்பதே தெரியாது. ஒரு பலகையாவது வைத்திருக்கலாம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஹெரால்டைக் குறைந்த காசில் மீட்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சிக்கல். ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு கார் கூடு அடித்துக் கொடுத்த ஆலையை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லை. அதனால் 1959-இல் வந்த ஹெரால்டை, பல சிறிய ஆலைகளில் துண்டு துண்டாக அடித்து போல்ட் போட்டுச் சேர்க்கும்படி அமைத்தார்கள். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. அடியில் தனியாக ஒரு சேசிஸ், அதன் மேல் முன்பாதி, பின்பாதி, கூரை, எல்லாமே போல்ட்டில் நிற்பவை. பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்தே முன்னால் கவிழ்ந்துவிடும். எஞ்சின் மொத்தமும் வெளியே தெரியும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே மெக்கானிக் வேலை பார்க்கலாம்.

கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டைப் பாய் ஸ்பேனரால் கழற்றிக் கையில் கொடுத்தார். பாதி காற்றாய்ப் போயிருந்தது. ஆனால் ஹெரால்டில் அந்தப் பாகம் பாரம் தாங்குவதில்லை, மூடிதான். மாருதி 800-இல் கதை வேறு. அதற்குத் தனி சேசிஸ் கிடையாது. ரன்னிங் போர்டு அரித்தால் வண்டியின் முதுகெலும்பே அரித்த மாதிரி. கழற்ற முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டும்போது கூடு தொய்ந்தால் கதவு மூடாது. வாசலில் அப்படி ஒரு 800 காத்திருந்தது. ஜாக்கி வைத்தபோது ஜாக்கி தகட்டுக்குள் ஏறிவிட்டதாம்.

தென்சென்னைப் புறநகரில் துருவுக்குத் தீனி அதிகம். கிழக்கே கடற்காற்று. உப்பு கலந்த ஈரம் இரும்பை வெறும் தண்ணீரைவிட வேகமாகத் தின்னும். மேற்கே அடையாற்றின் வெள்ளம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தண்ணீரில் நின்ற கார்களை மறுமாதமே கழுவித் துடைத்து ஓட்டினார்கள். ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் கம்பளியும் சணலும் சேற்றோடு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டன. தகடு வெளியிலிருந்து அரிக்கவில்லை, உள்ளிருந்து அரித்தது. “வெள்ளம் பாத்த வண்டி ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் நம்ம கிட்ட வரும் சார்,” என்றார் பாய். கதவின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்ன ஓட்டையில் இலைத்தூள் அடைத்துக்கொள்வதையும் காட்டினார். பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு குச்சியால் அதைக் குத்தி விட்டாலே கதவுகள் பிழைக்கும்.

நான் அதிக நேரம் நின்று பார்த்தது தரைத்தகடு மாற்றும் வேலை. வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைத்தார்கள், பேட்டரியை எடுத்தார்கள், கிழிந்த கம்பளம் மொத்தத்தையும் அள்ளினார்கள். ஒரு பக்கெட் தண்ணீர் அருகில் வந்தது. பாயின் கையாள், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பையன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், கட்டிங் வீலால் அரித்த இடத்தைச் சுற்றி வெட்டினான். ஓட்டை உள்ளங்கை அளவுதான். வெட்டியதோ முறம் அளவு. சொந்தக்காரர் முகம் மாறியது.

“துரு முடியற எடத்துல வெட்டக் கூடாது சார். நல்ல தகடு ஆரம்பிக்கிற எடத்துல வெட்டணும். கஞ்சத்தனம் பண்ணி ஓரத்துல விட்டா, நாம போட்ட பேட்ச்சச் சுத்தி மறுபடி தின்னும்.”

பாய் ஏ4 பேப்பர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஓட்டையின் மேல் வைத்து, விரலால் அழுத்தி அழுத்தி வடிவத்தை எடுத்தார். அந்த அட்டையை 20 கேஜ் தகட்டின் மேல் வைத்து ஆணியால் கீறினார். வெட்டிய தகட்டை ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்துத் தட்டத் தொடங்கினார். தரைத்தகட்டில் பழைய கம்பெனிக்காரன் போட்ட நீளவாக்கு வரிகள் உண்டு. அவை அழகுக்கு இல்லை, மெல்லிய தகடு அதிராமல் இருக்கப் போட்டவை. அதே வரியைப் புதுத் தகட்டிலும் சுத்தியலின் மழுங்கிய முனையால் எழுப்பினார். அளவுகோல் தொடவில்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தட்டினார், மறுபடி தடவினார். வைத்தபோது கூரிய நகம்கூட நுழையாத அளவுக்குப் பொருந்தியது.

பிறகு கேஸ் வெல்டிங். ஒரே மூச்சில் கோடு இழுத்தால் சூட்டில் தகடு அப்பளமாகிவிடும். இந்த மூலையில் ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஈரத்துணி. சி.ஓ.டூ வெல்டிங் வேகமானதுதான், ஆனால் மெல்லிய தகட்டில் கேஸ் போட்ட இணைப்பு மிருதுவாக இருக்கும், சுத்தியலால் தட்டிச் சமன் செய்யலாம் என்பது பாயின் கணக்கு. பையன் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான், பாய் போடவில்லை. போடச் சொன்னேன். பையனும், “நான் சொன்னா கேக்க மாட்டாரு சார், நீங்க இன்னொரு வாட்டி சொல்லுங்க,” என்றான். சொன்னேன். போட்டுக்கொண்டார்.

பட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் பட்டி அப்பி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து விற்கிற வண்டிகள் அடுத்த மழைக்காலத்திலேயே கொப்புளம் விடுகின்றன. பழைய சின்னக் கார் வாங்குகிற ஏழை, நடுத்தரக் குடும்பங்கள்தான் இதில் ஏமாறுகின்றன. அவர்கள் பார்ப்பது கலரை. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி ரன்னிங் போர்டிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்த்தால் போதும். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.

காகித வேலையும் பட்ஜெட்டில் சேரும். இருபது வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025-இல் கட்டணம் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. அதற்கு முன் 5,000. ஐம்பது வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021 முதல் தனி விதி இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கடைக்குப் போய்வர கார் வேண்டும். சாதாரணப் பதிவையே புதுப்பிக்கிறார். தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை நேரில் காட்ட வேண்டும். ஹாரன், விளக்கு, பிரேக் எல்லாம் வேலை செய்தாக வேண்டும்.

இந்தக் கைவேலை குறைந்துகொண்டே வருகிறது. புதுக் கார்களில் அடிபட்ட கதவை யாரும் தட்டி எடுப்பதில்லை, இன்சூரன்சில் கதவையே மாற்றிவிடுகிறார்கள். சுத்தியல் வேலைக்கு ஆள் தேடினால் வாரக்கூலிக்கு வருபவர்கள் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்கள். உத்திரமேரூர்ப் பையன் மட்டும் தங்கியிருக்கிறான். ஐ.டி.ஐ. முடித்தவன். அங்கே வெல்டிங் சொல்லிக்கொடுத்தார்கள், தகட்டுக்கு வளைவு கொடுக்க இங்கேதான் கற்றேன் என்றான். பாயைப் போன்றவர்களை வாரத்தில் ஒரு நாள் ஐ.டி.ஐ.க்குக் கூப்பிட்டு மரியாதையான சம்பளம் கொடுத்துக் கற்பிக்கச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இவர்கள் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

சாயங்காலம் கணக்குப் பேசினார்கள். தரைத்தகடு, சேசிஸின் பக்கவாட்டுக் கைகள், டிக்கிக்கு அடியில் ஓடும் இரண்டு சட்டங்கள் ஆகியவற்றுக்குப் பணத்தின் பெரும்பங்கு. அடுத்தது பிரேக் பைப், சிலிண்டர், டயர். 948 சி.சி. எஞ்சின் நன்றாகவே இருக்கிறது, கெசலிலும் அதே எஞ்சின் என்பதால் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் சாமான் கிடைக்கலாம். பெயிண்ட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை.

“கலர் என்ன பாய் பண்றது?” என்று கேட்டார் சொந்தக்காரர்.

“ஆர்.டி.ஓ.வுக்காக ஒரு கோட்டு சாதா பெயிண்ட், ஆர்.சி.ல இருக்கிற அதே கலர்ல அடிச்சுத் தரேன். நல்ல பெயிண்ட் அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார். மொதல்ல ஞாயித்துக்கெழம புதுப்பேட்டைக்கு வாங்க, எடது பின்கதவுக்குக் கண்ணாடி ஏத்துற மெஷின் பாக்கணும். பழச எடுத்துக்கினு வாங்க, இல்லன்னா வேற வண்டிது குடுத்துடுவான்.”