ஒரு நாள் விடுப்பும் வேடந்தாங்கலும்

பயணம் என்றதும் நம் குடும்பங்களில் நினைவுக்கு வருபவை ஹஜ்ஜும் வணிகமும் வளைகுடாவுமே. இவற்றுள் ஒன்றுமின்றி ஒருவன் புறப்பட்டால் அவனுக்கு ‘ஊர்சுற்றி’ என்று பெயர். 1325ஆம் ஆண்டு தாஞ்சியரை விட்டு ஹஜ்ஜுக்கெனக் கிளம்பிய இப்னு பதூதா தாயகம் மீள ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆயின. இடையில் நம் தமிழகக் கரையிலும் அவர் கால் பதித்தார். அவரைப் பேரறிஞர் என்று போற்றுகிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை மிதிவண்டியை எடுத்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம்!

நாங்கள் நால்வர். காயல்பட்டினத்தார், மேலப்பாளையத்தார், கூத்தாநல்லூரார், ஆம்பூரார் என ஊர்ப்பெயராலேயே ஒருவரையொருவர் அழைத்துக்கொள்வோம். ஒரகடத்தை அடுத்து ஓர் அறையில் வாசம். இராமாநுசர் பிறந்த தலமென்று நெடுங்காலமாகப் பெயர்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட துயரத்தால் உலகறிந்த ஊராயிற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸ்ஸானும் 2013இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. ஊர் ஊராய் ஓடும் வண்டிகளையெல்லாம் செய்து அனுப்பும் இவ்விடத்தில், செய்கின்ற கைகளுக்கு ஓடித் திரிய ஓய்வில்லை. வாரந்தோறும் ஷிப்டு மாறும். நால்வரும் ஒரே வேளையில் விழித்திருப்பதே அரிது. ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுப்பார்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிறு நால்வருக்கும் விடுப்பாக அமைந்தது. அத்துடன், கூத்தாநல்லூராருக்குத் தம்மாமிலிருந்து விசாவும் வந்திருந்தது. இனி இப்படியொரு ஞாயிறு வாய்க்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேடந்தாங்கல் போவோம் என்று மட்டும் முடிவாயிற்று.

“வெயில்ல ஏன் வாப்பா அலையணும்? லீவுன்னா ஊருக்கு வந்துட்டுப் போயேன்” என்றார்கள் காயல்பட்டினத்தாரின் உம்மா, தொலைபேசியில். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள ஊருக்கு ஒரு நாள் விடுப்பில் எப்படிப் போய்வருவது? ஓர் இரவு போக, ஓர் இரவு வர. இடையில் உம்மாவின் முகத்தை ஒரு பகல் பார்க்கலாம். மறுநாள் இயந்திரத்தின் முன் நின்று தூங்கலாம். அது ஆபத்து. பக்கத்துப் பயணத்தை நாங்கள் நாடியது வீட்டை மறந்ததனால் அன்று.

சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வழியில் ஒரு விவாதம்: இது ‘சஃபர்’ ஆகுமா? தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டராவது போகவேண்டும். எங்கள் வழியோ ஐம்பதைச் சற்றே தாண்டும். போக்கையும் வரவையும் கூட்டிக்கொள்ளலாமே என்றார் ஆம்பூரார். மார்க்கச் சட்டம் அப்படிக் கூட்ட விடுவதில்லை. ஆகவே ஷரீஅத்தின் கணக்கிலும் நாங்கள் பயணிகள் அல்லோம், ஊர்சுற்றிகளே!

சிங்கப்பெருமாள் கோயில் வரை லாரிகளின் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கிச் சென்றோம். செங்கற்பட்டில் கொளவாய் ஏரிக்காற்று முகத்தில் பட்ட பிறகுதான் பேச்சே வந்தது. பாலாற்றுப் பாலத்தருகே மேலப்பாளையத்தாரின் பின்சக்கரம் காற்றிழந்தது. அரைமணி நேரம் தள்ளிக்கொண்டு நடந்து ஒரு பஞ்சர் கடையைக் கண்டோம். படாளத்தில் வலப்புறம் திரும்பியதும் சாலை ஓசை ஓய்ந்து, வயல்கள் தொடங்கின.

வேடந்தாங்கல் என்பது வேடர்கள் தங்கிய இடம் என்று பொருள்படும். அவ்வூரார்தாம் பறவைகளுக்குக் காவலர் ஆயினர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறாமல் முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து காப்புரிமைச் சாசனம் பெற்றனர். இதில் இரக்கம் மட்டுமன்று, வேளாண்மை அறிவும் உண்டு. பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலந்து உரமாகி நெல்வயலுக்குப் பாய்கிறது. ஏறத்தாழ 74 ஏக்கர் ஏரி; 2022இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் இலை தெரியாத அளவுக்குக் கூடுகள். மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும் அலகுடைய நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா! சாலிம் அலி (1896-1987) என்னும் பம்பாய்க்காரர் சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்றலைக் கண்டு வியந்ததில்தான் அவருடைய பறவை ஆய்வு தொடங்கிற்று. 1941இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல் நம் வீட்டு அலமாரிகளில் இடம்பெறாதது ஏனோ!

அந்தி சாயும் வேளையில்தான் அந்தக் காட்சி. பகலெல்லாம் இரைதேடிய நாரைகள் அணியணியாக இறங்கின. அதுகாறும் கழுத்தைச் சுருக்கி உறங்கிக்கொண்டிருந்த செங்கண் வக்காக்கள், ‘வக்’ என்று குரல் கொடுத்துக் கிளம்பின. அவை இரவில் இரைதேடுபவை. வருபவையும் போகின்றவையும் ஒரே வானில் ஒன்றையொன்று கடந்தன. “ஷிப்டு மாறுது” என்றார் மேலப்பாளையத்தார். சிரித்தோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

வலசைப் பறவைகளை வளைகுடா சென்றோர்க்கு உவமை சொல்வது நம் கவிஞர்களுக்குக் கைவந்த கலை. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. பறவை பருவம் பார்த்துத் தன் சிறகால் திரும்புகிறது. நம்மவர் பலர் திரும்புவதற்கோ நெடுங்காலம் முதலாளி ஒப்பவேண்டியிருந்தது. இதைச் சொன்னவர் கூத்தாநல்லூராரே.

இருட்டில் நெடுஞ்சாலையில் மிதிப்பது உகந்ததன்று. செங்கற்பாரம் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ‘குட்டி யானை’ ஒன்று கிடைத்தது. முந்நூறு ரூபாய்க்கு இசைந்த ஓட்டுநர், மிதிவண்டிகளைத் தாமே கயிற்றால் கட்டினார். பின்தட்டில் கால்நீட்டி அமர்ந்து, மிச்சமிருந்த ரொட்டியைப் பகிர்ந்துண்டோம்.

ஒரகடம் நெருங்கியபோது ஆம்பூரார் தொழிற்சாலைப் பேருந்து நிற்கும் இடத்திலேயே இறங்கிக்கொண்டார். அன்றிரவு அவருக்கு வேலை. கூத்தாநல்லூரார் தம் மிதிவண்டியின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, “சங்கிலிக்கு மாசம் ஒருக்கா எண்ணெய் போடுங்க” என்றார்.