யானை எங்கே நிற்கிறது?

வால்பாறையில் அண்டை வீட்டார் இருவர் சந்தித்தால் க்ஷேம லாபங்களை விசாரிப்பது அப்புறந்தான். "யானை எங்கே நிற்கிறது?" என்பதே முதற் கேள்வி. ஆனைமலை மீது சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள இம் மேட்டு நிலத்தைச் சுற்றிலும் காடு. தேயிலைக்கு நடுவே எஞ்சிய சோலைகளில் பகலைக் கழிக்கும் யானைகள் அந்தி சாய்ந்ததும் புறப்படுகின்றன. நாமும் அதே வேளையில்தான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு நோக்கி நடக்கிறோம். இங்கே யானையால் மாண்டவர்களில் பெரும்பாலோர், அது அவ்விடம் நிற்பதை அறியாமல் எதிர்ப்பட்டவர்களே.

அரிசி வாசனை அதற்கு வெகு பிரியம். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அறையையும் அது நாடி வருவதுண்டு. (இவ்விஷயத்தில் நம் மாணாக்கர் சிலரும் அதன் கட்சிதான்!)

2011-ஆம் ஆண்டில் ஆனந்தகுமார் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பத் தொடங்கினார்கள். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகளும் நாட்டினார்கள். யானையைக் கண்டவர் தம் கைப்பேசியிலிருந்தே விளக்கை எரியச் செய்யலாம். வெகு தூரத்திலிருந்தே அது தெரியும். ஆயினும் விளக்கைக் கண்டதும் காமிராவுடன் அதை நோக்கி விரையும் உல்லாசப் பிரயாணிகளை என்னவென்று சொல்வது? வழியை விட்டு விலகுவதற்கல்லவா அந்த விளக்கு!

தேயிலை பறித்துத் திரும்பும் பெண்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தூரத்தில் சிவப்பு ஒளி தெரிந்தால், பின்னால் வருகிறவர்களுக்கும் குரல் கொடுத்துவிட்டு, சுற்று வழியே போய்விடுகிறார்கள்.