வயிற்றின் குற்றமன்று

மாமா மறைந்தபின் நெடுநாள் அந்த அறுவை மருத்துவரை வைதுகொண்டிருந்தோம். அப்பிழையைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

2019-இல் மாமா படியில் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயது 71. நுரையீரலில் தொற்று ஏற்பட்டு, அது குருதியிலும் கலந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். ஆறாம் நாள் மூக்கில் செருகிய குழாய்வழியே குருதி வந்தது. எண்டோஸ்கோப்பியில் பார்த்தபோது இரைப்பையின் உட்படலம் முழுவதும் சிறுசிறு புண்கள். வியர்வைபோல் குருதி கசிந்துகொண்டிருந்தது. அமிலத்தை அடக்கும் மருந்து கொடுத்தும் நிற்கவில்லை.

"இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் குருதி நின்றுவிடும். ஆனால் அவர் பிழைப்பது இரைப்பையின் கையில் இல்லை" என்றார் மருத்துவர். முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக் கையொப்பமிட்டோம். குருதி நின்றது, மீண்டும் வரவேயில்லை. சிறுநீரகங்கள் செயலிழந்தன. அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் மாமா போய்விட்டார். "வயிற்றைக் கிழித்துக் கொன்றுவிட்டார்கள்" என்று வராந்தாவில் நின்று சொன்னவர்கள் நாங்கள்தாம்.

பிறகுதான் படித்தறிந்தோம். தீக்காயம் பட்டோரின் சிறுகுடல் முகப்பில் புண் தோன்றுவதை 1842-இல் கர்லிங் எழுதினார். மூளை நோயுற்றோரிடம் இத்தகைய புண்களை 1932-இல் குஷிங் விவரித்தார். உடல் பெருந்துன்பத்தில் இருக்கையில் இரைப்பைக்குச் செல்லும் குருதியோட்டம் குறைகிறது; தன் அமிலத்தையே தாங்கும் வலுவை உட்படலம் இழக்கிறது. ஆகவே இப்புண் வேறொரு பெருநோயின் விளைவு. தொற்று அடங்கியதா, நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுள் எத்தனை தளர்ந்துள்ளன, வயது என்ன, எவ்வளவு குருதி ஏற்ற நேர்ந்தது என்பவற்றைப் பொறுத்தே அறுவைக்குப் பின் ஒருவர் பிழைப்பது அமைகிறது. 1994-இல் வெளியான கனடிய ஆய்வொன்று, 48 மணிநேரத்துக்கு மேற்பட்ட செயற்கைச் சுவாசம், குருதி உறையாமை ஆகிய இரண்டையுமே இக்குருதிக்கசிவின் முதன்மைக் காரணிகளாகக் கண்டது. தீவிர சிகிச்சை முறைகள் மேம்பட்டு, தேவைப்படுவோருக்கு முன்கூட்டியே மருந்தும் தரப்படுவதால் இந்த அறுவை இன்று அரிதாகிவிட்டது. அவ்வரிய சிலருள் ஒருவர் மாமா.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். நோயாளியின் நிலை, நோயின் கடுமை, காலம் மூன்றையும் மருத்துவர் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அந்த மருத்துவர் அவற்றை எண்ணித்தான் பேசினார். கேட்கத் தவறியவர்கள் நாங்கள்.